நண்பகல் பீரங்கிக்குப் பிறகு

இஸ்லா, மால்டா
4 பிப்ரவரி 1935, திங்கள்

திரு. ரோக்கு ஸெராஃபா அவர்களுக்கு,

நான் கப்பல் பட்டறை வாசலில் மண்டியிடவில்லை. கோயில் படியிலும் குழாயடியிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று என் மருமகள் ஜீத்தா சொன்னாள். என் செருப்பின் குதிகால் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கியது. ஒரு கையைத் தரையில் ஊன்றினேன். அவ்வளவுதான். நான் அழவும் இல்லை. குரலை உயர்த்தினேன். அதைக் கத்தல் என்று சொல்பவர்கள் கத்தலைக் கேட்டதில்லை.

நடந்தது இது. ஜனவரி முப்பத்தொன்று, வியாழன். என் ஜன்னலுக்குக் கீழே, தண்ணீரை இறைத்துவிட்ட உலர்துறையில் நிற்கும் போர்க்கப்பலில், உங்கள் குழுவில், என் மகன் வென்ஸு வேலை செய்கிறான். கப்பலுக்கு இரண்டு அடித்தளம். நடுவில் முழங்கால் உயரத்தில் இருட்டறைகள். அங்கே படுத்துக்கொண்டு துருவைச் சுரண்டிச் செந்தூரச் சாயம் பூசுவது அவன் வேலை. நீங்கள் எல்லோரும் அந்த இடத்தை ‘வயிறு’ என்கிறீர்கள். நான் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

நண்பகல் பீரங்கி முழங்கியது. எல்லோரும் சாப்பிட வெளியே வந்தார்கள். வென்ஸு வரவில்லை. நான் வாசலுக்குப் போனேன். காவலர் சொன்னார்: “அம்மா, நீங்க வாயால சொல்றதை வெச்சு நான் உள்ள ஆள் அனுப்ப முடியாது. எழுதிக் குடுங்க, அனுப்பறேன்.” கன்னியர் மடத்தில் ஒன்பது வருடம் கையெழுத்துப் பழகியவள் நான். அன்று என் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வென்ஸு சிரித்துக்கொண்டே வந்தான். “என்னம்மா, தொட்டில்ல போட்டு ஆட்ட வந்தீங்களா?” என்றான். வீட்டுக்கு வந்தபின் இன்னொன்றும் சொன்னான். “எங்க குழுவுல இருக்கானே பெர்து, அவன் என் வில்லையை எடுத்துக் குடுத்துட்டான்மா. தாமதமானா கால் நாள் கூலி போயிடுமில்ல.”

நான் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே போகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அறை வாயில் ஆணிப்பலகையில் மாட்டிவிட்டுப் போகிறான். வெளியே வந்ததும் அவனேதான் அதை எடுத்துக் கூலிக் கணக்கு ஜன்னலில் கொடுக்க வேண்டும். பலகை காலியாக இருந்தால் உள்ளே யாரும் இல்லை என்று பொருள். நுழைகிற துளைக்கு இரும்பு மூடியைப் போட்டு முடுக்கிவிடுவார்கள். 1919 ஜூலை ஒன்பதாம் தேதி பலகை காலியாக இருந்தது. என் கணவர், உங்கள் அண்ணன் அந்த்ரியா, உள்ளே இருந்தார்.

வில்லையை எடுத்துக் கொடுத்துவிட்டு அவரே ஏதோ மறதியில் திரும்ப உள்ளே போனார் என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். தெருக்கதவின் தாழ்ப்பாளை மூன்று முறை எழுந்து பார்க்கிற மனிதர் அவர். நான் அதை ஒரு நாளும் நம்பியதில்லை. நீங்கள் அங்கே உட்கார்ந்து தலையாட்டினீர்கள். அதனால்தான் பதினாறு வருடமாக மூன்று தெரு தள்ளி இருந்தும் உங்களோடு நான் பேசவில்லை.

இப்போது எழுதுவது ஒன்றைக் கேட்க. வென்ஸுவை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். தலைக்கு மேல் வானம் தெரிகிற எந்த வேலையானாலும் சரி.

செலெஸ்தினா ஸெராஃபா


6 பிப்ரவரி, புதன்

அண்ணி,

இப்படி எழுதலாமோ கூடாதோ, எழுதிவிட்டேன். என் கையெழுத்து உங்களுக்குத் தெரிந்ததுதான். கோழி நடந்த மாதிரி இருக்கிறது என்று கல்யாணமான புதிதில் நீங்களே சொன்னீர்கள்.

முதலில், வாசலில் நீங்கள் மண்டியிட்டதாக என் முன்னால் எவனும் சொல்லவில்லை. சொன்னவனுக்குப் பல் இருக்காது.

இரண்டாவது, அன்று வென்ஸு வயிற்றுக்குள் இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன். “மேல்தளத்துல கை கழுவிட்டிருந்தேன் சித்தப்பா. அம்மாதான் ஊரைக் கூட்டிட்டாங்க” என்றான். அப்படியிருந்தும் பெர்துவுக்குக் காது சிவக்கக் கிடைத்தது. என் குழுவில் ஒருத்தன் வில்லையை இன்னொருத்தன் தொடக்கூடாது. பதினாறு வருடமாக இது ஒன்றைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். ‘வில்லைக் கிறுக்கன்’ என்று முதுகுக்குப் பின்னால் பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும்.

வேலை மாற்ற முடியாது அண்ணி. மேலே கேட்டுப் பார்த்தேன். கப்பல் இந்த மாதம் முடியும் முன் தண்ணீரில் இறங்க வேண்டுமாம். நாற்பது அறை இருக்கிறது. அந்தத் துளையில் நுழைய ஒல்லியான ஆள் வேண்டும். வென்ஸு அவன் அப்பா மாதிரி ஒல்லி. என்னை மாதிரி இருந்திருந்தால் பிழைத்திருப்பான், கதவிலேயே மாட்டிக்கொள்வான்.

பயப்படாதீர்கள். நான் இருக்கிறேன்.

ரோக்கு


11 பிப்ரவரி, திங்கள்

திரு. ரோக்கு அவர்களுக்கு,

பயப்படாதீர்கள் என்று எழுதுகிறவர், அதற்குக் கீழே அடித்த வரியை ஒழுங்காக அடித்திருக்க வேண்டும். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். “அன்றும் நான்தான்” என்று இருக்கிறது. மீதி தெரியவில்லை.

நேற்று ஞாயிறு. இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிய தட்டை வேகவைக்க ரொட்டிக்கடை அடுப்புக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் வழக்கம்போலத் தட்டில் ஒரு தகர எண்ணைச் செருகிவிட்டு அதே எண்ணில் இன்னொன்றை என் கையில் கொடுத்தார். பக்கத்தில் பெர்து அவன் வீட்டுத் தட்டோடு நின்றான். நான் என் எண்ணை அவனிடம் நீட்டினேன்.

“பெர்து, எனக்குக் கால் வலிக்குது. நீயே என் தட்டையும் வாங்கிக் கொண்டுவந்து குடுத்துடேன்.”

“குடுங்க அம்மா, இதுக்கென்ன.”

“இப்படித்தான் என் மகனோட வில்லையையும் வாங்கிட்டியா?”

அவன் முகம் அடுப்பின் நிறத்துக்குப் போனது. “நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்! அவன் உள்ளேர்ந்து ‘ஒரு மூலைதான் பாக்கி, நீ போ’ன்னான். நான் எடுத்துக் குடுத்துட்டேன்.”

“உள்ளேர்ந்தா? மேல்தளத்துல கை கழுவினான்னு சொன்னாங்களே.”

“ஐயோ, அது சித்தப்பாவுக்குச் சொன்னதும்மா. அடிப்பாரில்ல.”

“மூடியை முடுக்குறவன் எங்க இருந்தான்?”

“அவனுக்கு அன்னைக்குப் பல்வலிம்மா. புடுங்கப் போயிட்டான்.”

ஒருவனுடைய கடைவாய்ப்பல் வலித்தது. அதனால் என் மகன் உயிரோடு இருக்கிறான். உங்கள் ஒழுங்கு அவனைக் காப்பாற்றவில்லை.

நான் தட்டைக்கூட மறந்து நின்றேன். பெர்து என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து இதையும் சொன்னான்: “பழைய ஆளுங்க எல்லாரும் செய்யறதுதாம்மா. அந்தக் காலத்துல ரோக்கு சித்தப்பாவே களைச்சவங்க வில்லையெல்லாம் கை நிறைய அள்ளிட்டுப் போய்க் குடுப்பாராம். அப்பல்லாம் தங்கமான மனுஷனாம்.”

நான் 1919 பற்றிக் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை. இப்போது நடப்பதை மட்டும் கேட்கிறேன். நாளைக்கும் பீரங்கி முழங்கும். அந்தப் பல்லைத்தான் பிடுங்கியாயிற்றே.

செ. ஸெராஃபா


13 பிப்ரவரி, புதன்

அண்ணி,

பெர்து சொன்னது உண்மை. நீங்கள் கேட்காததும் உண்மை.

நான்தான் எடுத்தேன்.

அன்றைக்கு வெயிலில் இரும்பைத் தொட முடியவில்லை. பீரங்கி முழங்கியதும் எல்லோரும் ஓடினார்கள். நான் ஆணிப்பலகையைப் பார்த்தேன். அண்ணன் வில்லை மட்டும் தொங்கியது. அவர் எனக்கு முன்னாலேயே ஏறிப் போய்விட்டார் என்று நினைத்தேன். யாரோ ஒருவர் முதுகு தெரிந்தது, அவரைப் போலவே இருந்தது. ‘வில்லையை மறந்துட்டுப் போறாரே, கூலியை வெட்டுவானே’ என்று எடுத்துக்கொண்டு போய் ஜன்னலில் கொடுத்தேன். அதற்கு முன் பத்து தடவையாவது அப்படிச் செய்திருப்பேன். ஒரு தடவைகூடத் தப்பாகப் போகவில்லை.

அவரோ கடைசி மூலையில் படுத்திருந்தார். வேலை முடிந்த அறை, பலகை காலி. முடுக்குகிறவன் சரியாகத்தான் முடுக்கினான்.

ஒரு மணிக்கு அவரைக் காணவில்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார் என்று நினைத்தேன். நீங்கள், அவர் பட்டறையிலேயே ரொட்டி தின்றிருப்பார் என்று நினைத்திருப்பீர்கள். மூன்றரைக்குத்தான், நான் பார்த்தது ஒரு முதுகை மட்டும்தான் என்று உறைத்தது. மூடியை நானே திறந்தேன். துருப்பிடித்த அறை காற்றைத் தின்றுவிடும். அவர் தூங்குகிறவர் போலத்தான் இருந்தார். சுத்தியலின் பிடி மட்டும் உடைந்திருந்தது.

விசாரணையில் கேட்டார்கள், “அவரே எடுத்திருக்கலாமா?” என்று. என் தலை ஆடியது. அப்புறம் அதை நிறுத்த முடியவில்லை.

ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் இருந்தேன் அண்ணி. பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை பட்டறையில் ஓர் ஈ காக்கை கிடையாது. ஒரு மணிக்கு மேல் ஆயிரம் சுத்தியல். அவர் தட்டியிருந்தாலும் அதைக் கேட்க யாரும் அங்கே இல்லை. யாரும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அது மட்டும்தான் எனக்கு ஆறுதல். உங்களுக்கும் அதுவே ஆறுதலாக இருக்கட்டும்.

வென்ஸுவிடம் சொல்வதானால் சொல்லுங்கள். தடுக்க மாட்டேன்.

ரோக்கு


16 பிப்ரவரி, சனி

ரோக்கு,

மூன்று நாளாக மூன்று காகிதங்களைக் கிழித்தேன். இது நான்காவது. இதையும் கிழிப்பதற்குள் ஜீத்தா கையில் கொடுத்துவிடுவேன்.

நான் கேட்டேன்.

1919 ஜூலை ஒன்பது. பீரங்கி முழங்கிப் பத்து நிமிடம் இருக்கும். துறை முழுவதும் அடங்கியிருந்தது. நான் ஜன்னலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எதிர் ஜன்னலில் மரின்தோன் இருந்தாள். கீழே கப்பலுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. மூன்று, இடைவெளி. மூன்று, இடைவெளி. நான் அவளிடம் சொன்னேன்: “பாரேன், ஒரு மகராசன் சாப்பாட்டு நேரத்துலயும் வேலை செய்றான். பொண்டாட்டி சமையல் அப்படி போல.” இருவரும் சிரித்தோம். நான் உள்ளே போய்ச் சாப்பிட்டேன். பீன்ஸ் சூப். மீண்டும் ஜன்னலுக்கு வந்தபோது சத்தம் நின்றிருந்தது. ‘சரி, சாப்பிடப் போய்விட்டான்’ என்று நினைத்தேன்.

மரின்தோன் இறந்துவிட்டாள். இது இப்போது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவளும் நானும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் அவள் சாகும்வரை என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

பதினாறு வருடமாக உன்மேல் கோபப்படுவது எனக்கு வசதியாக இருந்தது.

போன முப்பத்தொன்றாம் தேதி வாசலுக்கு ஏன் ஓடினேன் என்று இப்போது உனக்குப் புரியும். பீரங்கிக்குப் பிறகு சத்தம் கேட்டது. வென்ஸு துருவைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தான். எனக்கு அது தெரியாது. தெருவில் ஓடும்போது என் வாயிலிருந்து என்ன வந்தது என்றும் தெரியாது. ஒருவேளை கத்தியிருப்பேன்.

தினமும் பதினொன்றரைக்கே ஜன்னலுக்கு வந்துவிடுகிறேன். பீரங்கி முழங்கியபின் மூச்சை நிறுத்திக்கொண்டு நிற்கிறேன். சத்தம் கேட்டால் பயம். சத்தம் இல்லையென்றால் அதைவிடப் பயம். வென்ஸுவிடம் அவன் அப்பாவைப் பற்றிச் சொன்னேன், என்னைப் பற்றிச் சொல்லவில்லை. அவன், “வில்லையை இனிமே நான்தான் எடுப்பேன்” என்றான். மறுநாளும் வேலைக்குப் போனான். வேறு என்ன செய்வான், வீட்டில் இரண்டு குழந்தைகள்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். பலகையை நம்பாதே. மூடி போடுமுன் ஒருவன் கண்ணால் பார்க்கட்டும். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரிய ஒரு வழி செய்.

செலெஸ்தினா


20 பிப்ரவரி, புதன்

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். சும்மா உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சிரித்ததைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டேன். நானும் அன்று ஜன்னலில் வில்லையைக் கொடுத்துவிட்டு விசிலடித்துக்கொண்டுதான் போனேன்.

நீங்கள் சொன்னபடி திங்கட்கிழமையிலிருந்து செய்கிறேன். பீரங்கி முழங்கி, எல்லோரும் வில்லையை எடுத்துக்கொண்டு போனபின், அன்று மூடுகிற அறைக்குள் நானே விளக்கோடு நுழைந்து கடைசி மூலைவரை பார்க்கிறேன். அம்மாடி! முதல் நாள் தோளோடு துளையில் சிக்கிக்கொண்டேன். பெர்துவும் வென்ஸுவும் திரும்பி ஓடிவந்து ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். “சித்தப்பாவை இப்படியே விட்டா மூடியே வேணாம்டா, நல்லா அடைச்சிக்கிட்டிருக்காரு” என்கிறான் பெர்து. உங்கள் மகன் சிரித்த சிரிப்பு உங்கள் ஜன்னல்வரை கேட்டிருக்க வேண்டும். இப்போது கோட்டைக் கழற்றிவிட்டு, கையை முன்னால் நீட்டி நுழையக் கற்றுக்கொண்டேன்.

பார்த்துவிட்டு வெளியே வந்ததும் உலர்துறை விளிம்பில் நின்று வெள்ளைத் துணியை ஆட்டுகிறேன். திங்களும் செவ்வாயும் நீங்கள் ஜன்னலில் நின்றதைப் பார்த்தேன். இன்றும் பார்த்தேன். பதிலுக்கு நீங்கள் கையை ஆட்டவில்லை. பரவாயில்லை.

நாளைக்குப் பதினான்காம் அறை. இன்னும் மூடாமல் மிச்சமிருப்பதில் அதுதான் கடைசி, ரொம்ப நீளம். முடுக்குகிறவன் புது ஆள். பல்வலிக்காரனை வேறு கப்பலுக்குப் போட்டுவிட்டார்கள். பலகையில் ஒரு வில்லை தொங்கினாலும் மூடியைத் தொடக்கூடாது என்று அவனுக்குப் பத்து தடவை சொல்லிவிட்டேன். நல்ல பையன். சொன்னதைச் சொன்னபடி செய்வான்.

ரோக்கு


21 பிப்ரவரி, வியாழன்
பன்னிரண்டு மணி இருபத்திரண்டு நிமிடம்

இந்தக் கடிதத்தை வாங்கும் வாசல் காவலருக்கு: நீங்கள் எழுதிக் கேட்டீர்கள், எழுதியிருக்கிறேன். பதினான்காம் அறையின் மூடியை முதலில் திறக்கச் சொல்லுங்கள். என் மகன் அங்கே ஓடி வருகிறான், அவனைத் தடுக்காதீர்கள். அறையைத் திறந்தபின் இதை மேற்பார்வையாளர் ரோக்கு ஸெராஃபாவிடம் கொடுங்கள்.

ரோக்கு,

பீரங்கி முழங்கியது. வென்ஸு வந்தான். என் எதிரில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டான். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. துணி தெரியவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

“என்னம்மா பாக்கறீங்க? எல்லாரும் வந்தாச்சு. பலகை காலி. புதுப் பையன் மூடியைக் கையில எடுத்துட்டான், நானே பார்த்தேன்.”

“உன் சித்தப்பா?”

“உள்ள போய்ப் பார்த்துட்டு வந்திருப்பாரு.”

“வந்ததைப் பார்த்தியா?”

அவன் வாயில் ரொட்டி அப்படியே நின்றது.

“அவரோட வில்லை எந்த ஆணியில தொங்குச்சு வென்ஸு?”

“மேற்பார்வையாளருக்கு ஏதும்மா வில்லை?”

அப்போது கேட்டது. மூன்று, இடைவெளி. மூன்று, இடைவெளி. நான் கேட்டேன், வென்ஸுவும் கேட்டான். அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவிட்டான். அந்த வாசல் அவனை எவ்வளவு நேரம் நிறுத்திவைக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். ஜீத்தா கதவருகில் செருப்புகூடப் போடாமல் நிற்கிறாள்.

மற்ற எல்லோரையும் நீ தேடும்படி யோசித்தோம். உனக்கு ஓர் ஆணி அடிக்க உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தட்டுவதை நிறுத்தாதே. சுத்தியல் பிடி உடைந்தால் விளக்கால் தட்டு. எனக்குக் கேட்கிறது. இந்த முறை நான் சாப்பிடப் போகவில்லை.

அது நீ இல்லையென்றால், நீ எங்கேயாவது நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தால், ஊர் முழுக்கச் சொல்லிச் சிரி. அந்தக் கிழவி மண்டியிட்டாள், கத்தினாள், அழுதாள் என்று சொல். எதையும் நான் மறுக்கமாட்டேன்.

வெளியே வந்ததும் உன் கையாலேயே ஒரு வரி எழுதி ஜீத்தாவிடம் கொடுத்தனுப்பு.

செலெஸ்தினா